நீங்கள் வைத்த நீளமான பெயர்

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்கள் சௌக்கியம் என்பதைப் போன வாரம் போனில் நீங்களே முக்கால் மணி நேரம் சொல்லித் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் கடிதம் என்று எழுதும்போது கேட்காமல் விட்டால் முறையாகாது என்பதால் கேட்கிறேன், சௌக்கியம்தானே? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுகிறீர்கள், நான் 'ம்' கொட்டுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலில் பிள்ளைகள் செய்தி. என் மகள் வீட்டுப் பெரியவன் நீளம் தாண்டுவதில் இரண்டாம் பரிசு வாங்கிவிட்டான். தாண்டியதே மூன்று பேர்தான் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். மற்றவர்கள் ஏன் தாண்ட வரவில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள், இவன் வருகிறான் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அவன் தங்கைக்குக் கையெழுத்துப் போட்டியில் ஆறுதல் பரிசு. ஆறுதல் யாருக்கு என்று அவள் அப்பா கேலி செய்கிறார். கோப்பையை அலமாரி மேல் வைத்தால் தூரத்திலிருந்து முதல் பரிசு மாதிரியேதான் தெரிகிறது. உங்கள் மகன் வீட்டுச் சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று சொன்னீர்கள், மிகவும் சந்தோஷம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்த வயதில் ஓடினார்கள். இதைப் போட்டியாகச் சொல்லவில்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். ஆனால் இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்ட செய்தி, உங்களுக்கும் எனக்கும் பொதுவாக இருக்கிற ஒரே பேத்தி, நம் தும்பி, நடுநிலைப் பள்ளியில் கால் வைத்துவிட்டாள். ஆறாம் வகுப்பு. நான் ஐந்தாவதோடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியும், மறக்காமல் நினைவுபடுத்தியும் வருகிறீர்கள். பேரன் தாண்டியது மணலை. இவள் தாண்டியது என்னை.

நீங்கள் போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அஞ்சாவது வரைக்கும் நீங்க பார்த்துக்கிட்டீங்க, ரொம்ப சந்தோஷம். இனிமே பாடமெல்லாம் கஷ்டம். நான் பத்தாவது படிச்சவ, பிள்ளைய எங்கிட்ட விட்டுடுங்க" என்றீர்கள். எனக்குப் பதில் வாய்க்கு வருவதற்குள், முதல் நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம், சரியில்லை என்றால் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொண்டு போகிறேன், எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம் என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது கிடக்கட்டும். முதல் நாள் மிகச் சிறப்பாகப் போனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்குப் போன் போட்டு ஏதாவது அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். நர்ஸ் வேலையில் நின்றவளுக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்தது எப்படித் தெரியும்? இடத்தில் இருந்தவள் நான்.

நீங்கள் தைத்து அனுப்பிய சீருடை நல்லபடியாக வந்து சேர்ந்தது. தையல் கடை வைத்திருப்பவர் கை வேலையில் குறை சொல்ல முடியுமா? வளர்கிற பிள்ளை என்று கொஞ்சம் தாராளமாக வைத்திருந்தீர்கள். எட்டாவது வரைக்கும் வரும் என்று சொன்னீர்கள், நான் பார்த்தவரையில் கல்யாணம் வரைக்கும் வரும். பாவாடை கணுக்காலைத் தாண்டியது. சட்டைக் கைக்குள் அவள் கையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இடுப்பில் இரண்டு சுற்று மடித்து, சுற்றிலும் ஊக்கு குத்தி, ஒரு வழியாக முழங்கால் வரைக்கும் ஏற்றினேன். என் மகனுக்குக் காலை ஷிப்ட், பஸ் எடுக்கப் போகிற அவசரத்திலும் எட்டிப் பார்த்து, "சீருடை கிளம்பிடுச்சு, உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். பிள்ளை சிரிக்கவில்லை. வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள், "பாட்டி, ஒண்ணே ஒண்ணு. ஸ்கூல் பக்கத்துல என்னைத் தும்பின்னு கூப்பிடக் கூடாது. நான் இப்ப ஆறாவது." நான் அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை. மைக்தான் மீறியது. அதற்கு வருகிறேன்.

அந்தப் பள்ளியில் ஒரே மதிலுக்குள் இரண்டு கட்டடம். இடது பக்கம் சின்னப் பிள்ளைகள், வலது பக்கம் ஆறிலிருந்து எட்டு. வாசலில் நின்ற காவல்காரர் நம் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். அந்தச் சட்டைக்குள் யார் நின்றாலும் ஒன்றாம் வகுப்பு மாதிரிதான் தெரிவார்கள், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. "குட்டிங்க எல்லாம் இந்தப் பக்கம்" என்று தோளைப் பிடித்து இடது வரிசையில் திருப்பிவிட்டார். அவள் ஏதோ சொன்னாள், மணிச் சத்தத்தில் அது போயே போய்விட்டது. ஐயா, அது ஆறாவது ஐயா என்று நான் வெளியிலிருந்து கத்தினேன். அவர் என்னிடம் அட்டை கேட்டார். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களுக்குப் படம் ஒட்டி ஒரு அட்டை கொடுப்பார்களாம், அது இல்லாமல் பெரியவர்களுக்கு உள்ளே இடமில்லையாம். அட்டை எங்கே கிடைக்கும் என்றேன். உள்ளே என்றார். அப்படியென்றால் உள்ளே போகிறேன் என்றேன். அட்டை இருந்தால் தாராளமாகப் போகலாம் என்றார். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனால் இதற்கு எத்தனையாவது வரை படித்தால் வழி கிடைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நல்லவேளை, ஒரு வண்டியில் புது பெஞ்சுகள் வந்தன. தச்சு வேலைக்காரர்கள் ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள், அவர்களிடம் யாரும் அட்டை கேட்கவில்லை. நான் ஒரு பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் போன தச்சர் திரும்பிப் பார்த்து, "பெரியம்மா, பிடிக்கிறதுன்னா தூக்கிப் பிடிங்க, தொங்காதீங்க" என்றார். தூக்கினேன். காவல்காரர் வழி விட்டு ஒதுங்கி நின்றார். அந்த பெஞ்சு எந்த வகுப்புக்குப் போனது என்கிறீர்கள்? ஆறாம் வகுப்புக்கேதான். போட்டுவிட்டு நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், நம் பிள்ளை இல்லை. அந்த வகுப்பு ஆசிரியர் மிக நல்ல மாதிரி. எனக்கு நன்றி சொல்லி, இன்னும் ஒரு பெஞ்சு குறைகிறது, சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்றார்.

பெஞ்சு வேலையை அத்தோடு விட்டேன். நேரே தலைமை ஆசிரியை அறைக்குப் போய், என் பேத்தியைக் காணோம் என்றேன். அந்த அம்மாள் பதறாமல் பேனாவை எடுத்தார். பிள்ளை பெயர் என்ன என்று கேட்டார்.

இங்கேதான், சம்பந்தி அம்மா, உங்கள் பங்கு வருகிறது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது நான் ஒரு சின்னப் பெயராக நினைத்து வைத்திருந்தேன். நீங்கள் புத்தகமெல்லாம் புரட்டி ஒன்று கொண்டுவந்தீர்கள். அழகான பெயர் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் அடுப்படியிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பெயர் முடிவதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும். அதனால் தும்பி என்றேன். வீடும் தும்பி என்றது, தெருவும் தும்பி என்றது. அவள் பிறந்ததிலிருந்து இன்றுவரை அந்தப் பெரிய பெயரை நான் வாயால் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த அம்மாள் முன்னால் தேடினால் ஆரம்பம் வருகிறது, முடிவு வருகிறது, நடுவில் இருக்கிற தூரம் வரவில்லை. பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"பேத்தி பேர் தெரியாத பாட்டிய இப்பதாம்மா பார்க்கிறேன்" என்றார். பிறகு குரல் மாறிவிட்டது. "பேரே தெரியாதவங்ககிட்ட சாயங்காலம் பிள்ளைய எப்படிம்மா அனுப்புறது?"

உங்கள் குரல் மாதிரியே எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதும், பிள்ளை பெட்டியோடு படி இறங்குவதும் கண் முன்னால் ஓடியது. வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், அதையாவது சொல்லுங்கள் என்றார். பிள்ளையா சத்தியமா என்று வந்துவிட்டால் எது பெரியது? அவர் காதோடு காதாகச் சொன்னேன். அவர் அதை மைக்கில் சொன்னார். தும்பி என்ற மாணவி எங்கிருந்தாலும் தலைமை ஆசிரியை அறைக்கு வரவும், பாட்டி காத்திருக்கிறார்.

இரண்டு கட்டடமும் சேர்ந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியது, யாரும் வரவில்லை. மறுபடியும் மைக், மறுபடியும் சிரிப்பு. மானத்துக்குப் பயந்த பிள்ளை, இனி எங்கே வரப்போகிறாள் என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தாள், சம்பந்தி அம்மா. இடது கட்டடத்திலிருந்து மைதானத்தின் நடுவழியாக வந்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். ஊக்கெல்லாம் தெறித்துப் பாவாடை தரையில் புரள, அதன் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் மூக்கை உறிஞ்சியபடி பின்னாலேயே வந்தான். அவள் ஓடவும் இல்லை, தலை குனியவும் இல்லை. பட்டத்து ராணி நடந்து வருவாள் என்று கதையில் கேட்டிருக்கிறோம், நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அந்த நடைக்கு உங்கள் தையலும் ஒரு காரணம் என்பதை நான் மறைக்க மாட்டேன். குட்டைப் பாவாடையில் அது வந்திருக்காது.

அந்தப் பொடியன் முதல் நாள் அழுகையில் கிடைத்த துணியைப் பிடித்திருக்கிறான், அது இவள் பாவாடை. விடச் சொன்னால் வீறிட்டிருக்கிறான். அவன் அழுகை நிற்கும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று இவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. தலைமை ஆசிரியைதான் கேட்டார், இவர் உன் பாட்டியா, உன் பெயரே தெரியவில்லையே என்று.

"தெரியும் மிஸ். சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான். அந்தப் பேரு இன்னொரு பாட்டி வெச்சது."

"அவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அவங்க அந்தப் பேரை மட்டும்தான் கூப்பிடுவாங்க. போன்லகூட முழுசா."

"உனக்கு எது பிடிக்கும்?"

"ரெண்டு பேர்ல யாரு கூப்பிட்டாலும் போவேன் மிஸ்."

அந்த அம்மாள் வாயைக் கையால் மூடிக்கொண்டார். நம் இரண்டு வீட்டு விஷயம் ஒரு பள்ளிக்கூடத்துக்கே தெரிந்துபோனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பிள்ளை தன் முழுப் பெயரையும் ஒரே மூச்சில், நீங்கள் சொல்வது போலவே தட்டாமல் சொன்னாள். நான் அன்றைக்குத்தான் அதை முழுதாகக் காது கொடுத்துக் கேட்டேன். நல்ல பெயர்தான். நீளம் தவிர வேறு குறையில்லை. இங்கே எழுதியிருப்பேன், தாளில் இடம் போதாது.

அன்றைக்கே அவளை வகுப்புத் தலைவி ஆக்கிவிட்டார்கள். எங்கள் பரம்பரையில் தலைமைப் பதவிக்கு வந்த முதல் ஆள். அந்தப் பொடியன் இப்போது தினமும் வாசலில் காத்திருந்து அவளோடுதான் வகுப்புக்குப் போகிறான். தும்பி என்று யாரோ கிண்டல் செய்தார்களாம், ஆமாம், என்ன வேணும் என்று கேட்டாளாம். அதற்கு மேல் கிண்டல் நகரவில்லை. ஆகவே முதல் நாள் எல்லா விதத்திலும் சிறப்பு என்பது உங்களுக்கே புரியும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சிரமப்பட்டு வர வேண்டாம். சீருடையில் எந்தத் திருத்தமும் தேவையில்லை. அட்டை கைக்கு வந்த மாதிரிதான். பாடத்தையும் நானே பார்த்துக்கொள்வேன், ஆறாவது என்பது ஐந்தாவதுக்குப் பக்கத்து வகுப்புதானே.

உங்கள் வீட்டு அடுப்பும் தையல் மிஷினும் குறைவில்லாமல் ஓடட்டும். சின்னவன் விழாமல் நடக்கட்டும், பிறகு ஓடட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, உங்களுக்கு இரண்டில் எது பொருந்துமோ அது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
ஐந்தாம் வகுப்பு (வகுப்பில் முதலாவது)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். வகுப்புத் தலைவி பதவி ஆளுக்கு ஒரு வாரமாம், அன்றைக்கு இவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்ததால் இவளில் தொடங்கினார்களாம். கணக்கில் எண்களுக்கு நடுவே எழுத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து என்றால் பெயர் தெரியாத எண் என்று அர்த்தமாம், அதைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். பெயர் தெரியாமல் இந்த வீடு பட்டது போதாதா? நானும் என் மகனும் தலையைச் சொறிந்து பார்த்தோம், வரவில்லை. சீருடையில் இன்றைக்கும் ஒரு ஊக்கு தெறித்து ஆசிரியர் மேஜையில் விழுந்ததாம். அட்டையும் எனக்கு இல்லை என்று தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார். இவள் அவரிடம் போய் நின்று பேசி, பெயர் தெரிந்த பாட்டி ஒருவர், பிள்ளையைத் தெரிந்த பாட்டி ஒருவர், இரண்டு பேர் படத்தையும் ஒரே அட்டையில் ஒட்டிக் கொடுக்கிறேன் என்று சொல்ல வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். அழைத்துப் போக அல்ல, இங்கே இருக்க. கத்தரிக்கோலையும் பத்தாம் வகுப்புப் படிப்பையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். மெத்தை உதறிப் போட்டாயிற்று. அதற்கு முன்னால் உங்கள் படம் ஒன்று வேண்டும். எங்களிடம் இருப்பது கல்யாணத்தில் எடுத்தது மட்டும்தான், அதில் நீங்கள் என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். அட்டைக்கு முகம் நேராக இருக்க வேண்டுமாம். புதிதாக ஒன்று எடுத்து உடனே தபாலில் அனுப்புங்கள்.