நிழல் நகர்ந்துவிட்டது, வண்டியை எடு

காருக்குக் காய்ச்சல் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயில் காலம் தொடங்கினால் போதும், வேலைவிட்டு வந்ததும் வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் நிற்கும் கார் பானட்டின் மேல் புறங்கையை வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பார்கள். பெற்ற பிள்ளை உடம்பு சுடுகிறது என்று சொன்னபோது, "ஒண்ணுமில்ல, பள்ளிக்கூடம் போ" என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பிய அதே ஆட்கள்தான். காருக்கு மட்டும் புறங்கை. புறங்கையில்தான் சூடு சரியாகத் தெரியுமாம்.

நாம் பார்க்கப்போகிறவர் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். தெருவில் அவருக்கு நிழல்காரர் என்று பெயர். இந்தப் புறங்கைச் சடங்கை அவர் மனைவி பல கோடைகளாகச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்து வந்தாள். தேநீரை எப்போது அடுப்பிலிருந்து இறக்குவது என்பதை அந்தக் கைதான் அவளுக்குச் சொல்லும். கை தங்கி நின்றால் வண்டி குளிர்ச்சி, வீட்டிலும் குளிர்ச்சி. கை வெடுக்கென்று எழும்பினால் அவர் உள்ளே வந்து யாரையாவது திட்டி முடிக்கும்வரை தேநீர் காத்திருக்கலாம்.

அந்தக் காருக்கு என்னதான் இல்லை? முன்கண்ணாடிக்கு வெள்ளி நிறத் தட்டி, பின்கண்ணாடிக்குக் கறுப்பு வலை, ஸ்டியரிங்குக்கு ஈரத்துண்டு, டாஷ்போர்டு வெடித்துவிடாமல் இருக்க மீட்டரையெல்லாம் மூடி மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கெட்டிப் போர்வை, இத்தனைக்கும் மேலே தலை முதல் கால் வரை ஓர் உறை. ஜன்னலை ஒரு விரல் அகலம் இறக்கி வைக்க வேண்டும். இன்னும் இறக்கினால் தூசி, இறக்காவிட்டால் உள்ளே காற்று வெந்துவிடும். பெட்ரோலை விடியற்காலையில்தான் போட வேண்டும். பகலில் போட்டால் பாதி ஆவியாகிவிடும். இதை அவருக்கு யார் சொன்னது? அவரேதான்.

விசேஷ வீடு ஒரு தெருவில் இருந்தால் நல்ல மரம் இன்னொரு தெருவில் இருக்கும். வண்டி மரத்தடியில் நிற்கும். குடும்பம் வெயிலில் நடக்கும். முகத்தில் பூசியதெல்லாம் கழுத்துக்கு வந்த ஒருநாளில் அவள் கேட்டாள்.

"எங்களை வாசல்ல இறக்கிவிட்டுட்டு அப்புறம் போய் நிறுத்தக் கூடாதாங்க?"

"இறக்கிவிட்டுட்டு வர்றதுக்குள்ள அந்த நிழலை வேற எவனாவது பிடிச்சுட்டா?"

நியாயம்தானே?

அலுவலகத்தில் மரம் கிடையாது. அதனால் கோடை முழுவதும் நிழல்காரர் பேருந்தில்தான் வேலைக்குப் போவார். வாங்கிய வண்டி வீட்டு வாசலில் இளைப்பாற, வாங்கியவர் சட்டை முதுகோடு ஒட்ட, பேருந்துக் கம்பியில் தொங்கிக்கொண்டு போவார்.

ஒரே ஒரு தொல்லை. நிழல் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் வீட்டுச் சுவரோரம் இருக்கிற நிழல், உச்சிப்பொழுதில் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போய்விடும். பிற்பகலில் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுத் தையற்காரம்மாவின் மதிலோரம் சாய்ந்துவிடும். அவர் அலுவலகத்தில். அதுவரை வண்டியை நகர்த்திவந்த பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். வண்டியை யார் நகர்த்துவது? "உனக்கெதுக்குடி இதெல்லாம்" என்று அத்தனை வருஷம் சொன்னவர், அந்தக் கோடையில் தாமாகவே சாவியைக் கொண்டுவந்து மனைவியின் கையில் வைத்தார்.

முதலில் வாசலோரமாகவே முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் நகர்த்தக் கற்றுக்கொடுத்தார். ஆனால் எதிர்மதிலுக்குப் போகத் தெருவைக் கடக்க வேண்டுமே! "தெரு நம்ம வீட்டுது இல்ல. லைசென்ஸ் இல்லாம சக்கரம் அதுல படக் கூடாது" என்று அவளை ஓட்டுநர் பள்ளியிலும் சேர்த்துவிட்டார்.

அங்கே கற்றுக்கொடுத்த அம்மாள் கேட்டாள்: "லைசென்ஸ் வாங்கிட்டு எதுவரைக்கும் ஓட்டப்போறீங்க?"

"எதிர்வீட்டு மதில் வரைக்கும்."

அந்த அம்மாள் அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுப் படிவத்தை எடுத்து நீட்டினாள்.

லைசென்ஸ் வந்தது. அதற்குப் பிறகு அலுவலகத்திலிருந்து போன் வரும்.

"நிழல் நகர்ந்துடுச்சா?"

"நகர்ந்துக்கிட்டிருக்குங்க."

"வண்டி வெளியில தெரியுதா?"

"மூக்கு மட்டும்."

"என்ன சாவகாசமா சொல்றே! வண்டியை எடு!"

சாப்பிட்டாயா என்று கேட்க அவருக்கு நேரம் இருக்காது. பாவம், அலுவலக வேலை.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அக்கா ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கிறவள். போக இரண்டு பேருந்து மாற வேண்டும். போய்த் திரும்புவதற்குள் நிழல் எத்தனை முறை நகர்ந்திருக்கும்?

"அக்காவைக் கார்ல போய்ப் பாத்துட்டு வரலாமாங்க?"

"இந்த வெயில்லயா? வெயில் தாழட்டும், போகலாம்."

சாயங்காலத்தைச் சொல்கிறார் என்று நினைத்து அவள் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னது மழைக்காலத்தை.

"நீ வராட்டிப் பரவால்லடி," என்றாள் அக்கா போனில். "சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே போனா அடுப்படி வந்துடுது."

அந்தப் 'பரவால்ல' அவளைச் சாப்பிடவிடவில்லை. மறுநாள் பிற்பகல் வண்டியை எதிர்மதிலுக்கு நகர்த்தப் போனால், அந்த நிழல் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு லாரி மணல் இறக்கிக்கொண்டிருந்தது. வண்டி வெயிலில் நிற்கக் கூடாது. சரி, நிற்கத்தானே கூடாது? ஓடலாமே? உறையைச் சுருட்டித் திண்டு மாதிரி மதிலடியில் போட்டுவிட்டு, போர்வையை ஒதுக்கி, வண்டியைக் கிளப்பித் தெருமுனையில் திரும்பினாள். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டே போனாள்.

"யாருடி கொண்டுவந்து விட்டா?" என்றாள் அக்கா, கட்டிலில் கிடந்தபடியே.

"நான்தான்."

"அடிப்பாவி!" என்ற அக்காவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

அக்காவுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, அவர் திரும்புவதற்குள் வண்டியும் உறையும் போர்வையும் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. மாலையில் புறங்கை உறைக்கடியில் பானட்டுக்குப் போனது. வெடுக்கென்று எழும்பியது.

"வண்டி கொதிக்குதே! நிழல்லதானே இருந்துச்சு?"

"இந்த வருஷ வெயில் அப்படிங்க."

மறுநாள் கெட்டியான உறை ஒன்று வந்தது. மறுநாளும் பானட் கொதித்தது. உறைக்கு மேல் ஈரச்சாக்கு வந்தது. அப்படியும் கொதித்தது. பெட்ரோல் வேறு கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. "பாத்தியா? நான் சொல்லலை, ஆவியாகுதுன்னு!" என்றார் அவர், நினைத்தது பலித்துவிட்ட பெருமையோடு. நிழலிலேயே இரும்பு இந்தக் கொதி கொதிக்கிறதே, உலகம் எங்கே போகிறது என்று அலுவலகத்தில் வியந்தார். உடன் வேலை செய்கிறவர்களும் வியந்தார்கள். எஞ்சின் ஓடினாலும் பானட் சுடும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. வண்டியை ஓட்டத்தான் வாங்குகிறார்கள் என்பதையே மறந்தவர்களுக்கு அது எப்படித் தோன்றும்?

ஒருநாள் பிற்பகல், அலுவலக வேலையாகப் போன இடத்தில், பேருந்து நிறுத்தத்தில் வெயில் தாங்காமல் அவருக்குத் தலை சுற்றியது. பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார். மதிலோரம் உறை மட்டும் சுருண்டு கிடந்தது.

"வண்டி! என் வண்டி எங்கே?"

தையற்காரம்மா மிஷினை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தாள். "இந்நேரத்துக்கு அது இருக்காதே அண்ணே."

"இருக்காதா?"

"தினமும் இருக்காது."

அவர் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். தெருமுனையில் கார் திரும்பியது. ஜன்னல்கள் ஏற்றி, உள்ளே ஏசி ஓட, முன்சீட்டில் ஊன்றுகோலோடு, ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த அக்கா. வண்டி நின்றதும் நிற்காததுமாக அவர் கை பானட்டுக்குப் போய், சுட்டுத் திரும்பியது.

"இந்த வெயில்லயா வண்டியை எடுத்தே?"

"நிழல் நகர்ந்துச்சுங்க," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "பின்னாடியே போனேன்."

"எதுவரைக்கும்?"

"அக்கா வீடு வரைக்கும்."

அவள் இறங்கி வந்து, தன் புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"இப்படிக் கொதிக்குது! ஏறுங்க வண்டியில."

"வண்டி இப்பத்தானே வந்துச்சு, கொஞ்சம் ஆறட்டும்..."

"முதல்ல நீங்க ஆறுங்க தம்பி," என்றாள் அக்கா, உள்ளிருந்தே. "உள்ள ஜில்லுன்னு இருக்கு."

கொளுத்தும் வெயிலில், உறை மதிலடியில் கிடக்க, கார் மருத்துவரைப் பார்க்கப் போனது. தம் காரில் ஏசி இவ்வளவு குளிரும் என்று நிழல்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்களிடம் உறை இல்லை, போர்வை இல்லை என்று நிம்மதியாகவும் இருப்பீர்கள். இன்று மாலை வீடு திரும்பும்போது உங்கள் கை எங்கே போகிறது என்று மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். அது பானட்டுக்குப் போய்ச் சுட்டுவிட்டால் உடனே வெயிலைத் திட்டிவிடாதீர்கள். வீட்டில் யாருக்கு எங்கே போக வேண்டியிருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நிழல்காரரை இப்போது காலையில் அவர் மனைவி அலுவலக வாசலில் இறக்கிவிட்டு அக்கா வீட்டுக்குப் போகிறாள். அங்கே மரம் கிடையாது. வண்டி வெயிலில் நிற்கிறது.