பன்னிரண்டு வருஷமாகத் தகராறு இல்லாத வாய்க்கால்

கிளேர் அம்மாள் வந்து சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. உலகநாதனுக்குப் பாக்கி ஒரே வேலைதான். வாய்க்காலில் தண்ணீர் ஓடவேண்டும்.

அடுத்த மாதம் நடக்கப்போகிற உலகப் பருவநிலை மாநாட்டில், நாடுகளுக்கு நடுவே சமரசம் பேசும் குழுவில் அந்த அம்மாளும் ஒருவர். யார் புகையைக் குறைப்பது, யார் செலவை ஏற்பது என்று அங்கே முப்பது வருஷமாக இழுபறி. ஆளாளுக்கு 'நீ முதலில்' என்கிறார்களாம். பொதுச்சொத்தை அடித்துக்கொள்ளாமல் பங்கிட்டுக்கொள்ளும் ஊர் ஒன்று கிடைத்தால், அங்கிருந்து ஓர் ஆளைக் கூட்டிப்போய் மேடையேற்றலாம், பார்த்தாவது புத்தி வரட்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

கரியமாணிக்கத்துக்குப் பக்கத்தில் மேலத்தெரு, கீழத்தெரு என இரண்டே தெரு உள்ள ஊர் அது. அந்த ஊர் ஏரிப்பாசன சங்கத்துக்கு உலகநாதன் செயலாளர். செய்தி காதில் விழுந்த அன்றே விண்ணப்பம் போட்டார். ஒரே ஏரி, ஒரே வாய்க்கால், பன்னிரண்டு வருஷமாகத் தண்ணீர்த் தகராறு ஒன்றுகூடக் கிடையாது என்று எழுதினார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

விண்ணப்பம் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டது. கிளேர் அம்மாள் நேரில் பார்த்துத் தலையாட்டினால் உலகநாதன் விமானம் ஏறலாம். பாஸ்போர்ட் கைக்கு வந்தாயிற்று. மதகடிப்பட்டில் கோட்டும் தைத்தாயிற்று. சம்பந்தி வீட்டில் வேறு சொல்லிவிட்டார். அதற்கப்புறம் போகாமல் இருந்தால் எந்த முகத்தோடு அந்த வாசற்படி ஏறுவது?

போட்டோவுக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் நன்றாக இருக்கும் என்று, மொழிபெயர்க்க வரும் வெண்ணிலா முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள். உலகநாதன் ஆள் விட்டுக் கோரையை வெட்டினார். கோரை மண்டாத வாய்க்கால் எந்த ஊரில் இருக்கிறது? மதகு ஷட்டர்தான் அசைவேனா என்றது. டீசல் ஊற்றி, கடப்பாரையால் நெம்பி, காலை ஒன்பது மணிக்குத் திறந்துவிட்டார். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அவருக்கே கண் கலங்கிவிட்டது.

ஒன்பதேகாலுக்கு மேலத்தெரு வீரமணி குறுக்கே மண் அணை போட்டு அதைத் தன் கரும்புக்குத் திருப்பிக்கொண்டான். ஒன்பதரைக்குக் கீழத்தெரு பாக்யராஜ் மண்வெட்டியோடு வந்து அந்த அணையை வெட்டிவிட்டான். உலகநாதன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்கப்பா. அந்தம்மா போட்டோ எடுத்துட்டுப் போவட்டும்."

"மேல இருக்கறவன் பாய்ச்சிட்டுதாண்ணே கீழ வுடணும்," என்றான் வீரமணி. "அதான் வழக்கம்."

"தாத்தா காலத்துலேர்ந்து நீங்கதான மொதல்ல பாய்ச்சினீங்க," என்றான் பாக்யராஜ். "இந்தவாட்டி நாங்க."

சரி, தெருவுக்கு அரை மணி நேரம் என்று உலகநாதன் தீர்ப்புச் சொன்னார். எந்தத் தெருவுக்கு முதல் அரை மணி என்று புதுச் சண்டை கிளம்பியது. சீட்டுக் குலுக்கிப் போட்டார். மேலத்தெரு என்று வந்தது. செயலாளரும் மேலத்தெருக்காரர்தானே, இன்னொரு சீட்டையும் பிரித்துக் காட்டச் சொன்னான் பாக்யராஜ். காட்டியிருக்கலாம். ஆனால் பதற்றத்தில் உலகநாதன் இரண்டு சீட்டிலுமே மேலத்தெரு என்று எழுதித் தொலைத்திருந்தார்.

அதற்குப்பின் கீழத்தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தான். மேலத்தெரு மட்டும் சும்மா இருக்குமா? யாருக்கும் வேண்டாம் என்று உலகநாதன் ஷட்டரை மூடப் போனார். திறக்க மறுத்த அதே ஷட்டர் இப்போது மூட மறுத்தது. அவர் மனைவி ஜெயா கரையிலிருந்தபடி, கோட்டை யாருக்காவது கல்யாணத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

வீரமணி பாக்யராஜின் சட்டையைப் பிடிக்கவும், கிளேர் அம்மாளின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வெண்ணிலா இறங்கினாள். இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாண்ணே இது?"

உலகநாதனை வாய் கைவிடவில்லை. "நாடகம்மா. அந்தக் காலத்துல எப்படி அடிச்சிக்குவோம்னு பசங்க நடிச்சிக் காட்றாங்க."

வீரமணி பாக்யராஜை வாய்க்காலில் தள்ளினான். பாக்யராஜ் விழும்போது அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தான். நாடகம் என்று வெண்ணிலா மொழிபெயர்த்ததைக் கேட்டுக் கிளேர் அம்மாள் கைதட்டினார். எங்கள் மாநாட்டிலும் இதேதான் நடக்கிறது, என்ன, கோட்டு நனைவதில்லை என்று சொல்லிச் சிரித்தார். தள்ளிவிட்டவனுக்கும் விழுந்தவனுக்கும் ஒன்றும் புரியவில்லை. வெள்ளைக்கார அம்மாள் கைதட்டும்போது எப்படி அடித்துக்கொள்வது என்று கூச்சப்பட்டு இருவரும் கரையேறினார்கள்.

உலகநாதன் அந்த இடைவெளியில் புகுந்துவிட்டார். விட்டுக்கொடுத்தல், பரஸ்பர நம்பிக்கை, கூட்டுப் பொறுப்பு என்று ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததை எல்லாம் ஒப்பித்தார். கிளேர் அம்மாள் ஒரு வரி விடாமல் குறித்துக்கொண்டார். கடைசியில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் வந்து இதை அப்படியே அங்கே சொல்லவேண்டும் என்றார். வெண்ணிலா அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் உலகநாதன் மனசுக்குள் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததோடு நிற்காமல் சம்பந்திக்குக் கையும் காட்டினார்.

அப்போது, பக்கத்து வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த காசம்மாள், ஜெயா சொன்னபடி விருந்தாளிக்கு இளநீர் கொண்டுவந்தாள். கிளேர் அம்மாள் வாங்கிக் குடித்தார். நிலம் இல்லாதவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை கேட்கவேண்டுமாம். பன்னிரண்டு வருஷமாகத் தண்ணீருக்காக ஒரு சண்டைகூட வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று வெண்ணிலாவைக் கேட்கச் சொன்னார்.

காசம்மாள் சேற்றுக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்கேர்ந்தும்மா சண்ட வரும்? எல்லாரும் அவங்கவங்க வயல்ல போர் மோட்டார் போட்டுக்கினு பன்னெண்டு வருஷமா இந்த வாய்க்கால்ல தண்ணியே வுடல. இன்னிக்குக் காலைலதான் தொறந்தாரு."