வெறும் வாளி திருப்பிக் கொடுக்கலாகாது

வடகடல் கரை
ஞாயிறு காலை

பேரன்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி உமாபதி வணங்கி எழுதுவது. பான் நகரில் நீங்களும் அத்தானும் முழங்கால் நோவு குறைந்து நல்லபடி நடமாட முருகன் துணையிருப்பானாக. இங்கே மகள் மிதுஷாவின் வீட்டில் அவளும் தாய் அம்பிகாவும் நானும் உடம்பளவில் சுகம். மனத்தளவில் எனக்கு மட்டும் சுகமில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தரம் எழும்பி யன்னலடிக்குப் போய்விட்டேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் என் போன் அம்பிகாவின் கையில் இருக்கிறது. குடும்பக் குறூப்பில் போட்டால் கனடா வரைக்கும் போய்விடும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். வாசித்தவுடன் கிழித்துவிடுங்கோ. அத்தானுக்கும் சொல்ல வேண்டாம், அவருக்கு வாயில் ஒன்றும் தங்காது.

மிதுஷா என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று தைப்பொங்கலுக்கு நீங்கள் கேட்டபோது, "கடல் டொக்டர்" என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது எனக்கு முழுக்கத் தெரியும், தெரிந்ததுதான் வினை. இந்தக் கடலில் பாறை பாறையாகக் கிடக்கும் சிப்பிகளின் குடலுக்குள் ஒரு சின்னச் சிவப்புப் பூச்சி, பார்வைக்குப் புழுதான், வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. எங்களுக்கு ஒருக்கால் வந்த நோயை எங்கள் இரத்தம் ஞாபகம் வைத்திருக்குமாம். சிப்பிக்கு அந்த வசதி இல்லை. அதன் இரத்த அணுக்கள் வந்தவனைச் சுற்றி வளைத்து விழுங்கப் பார்க்கும், அவ்வளவுதான். எந்தச் சிப்பி சமாளிக்கிறது, எது தோற்கிறது என்பதுதான் பிள்ளையின் ஆராய்ச்சி. அதற்காக இந்த மாரிக் குளிர் முழுக்க, கடல் வற்றும் நேரம் பார்த்து, விறைத்த கையோடு சேற்றுக்குள் நின்று நோய்ச் சிப்பி அறுபது பொறுக்கி வைத்திருந்தாள்.

இதே ஊரில் ஹன்சன் என்றொரு ஜெர்மன்காரர் சிப்பிப் பண்ணை வைத்திருக்கிறார். மாரிக்குச் சிப்பிகளைப் பண்ணை மண்டபத்துத் தொட்டிகளுக்குள் எடுத்துவைத்து, வசந்தம் வரத் திரும்பவும் கடலில் விடுவார். மூன்று கிழமைக்கு முன் மிதுஷா எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். நல்ல மனிசன். நாங்கள் வெளிக்கிடும்போது மூடி போட்ட வெள்ளை வாளியில் இருபத்துநாலு சிப்பி போட்டு அம்பிகாவின் கையில் கொடுத்தார். அம்பிகாவை உங்களுக்குத் தெரியும்தானே, முட்டை அவித்த சட்டியையே மூன்று தண்ணீரில் கழுவுகிறவ. சிப்பியைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். வாளி எங்களோடு நின்றுவிட்டது.

இனித்தான் அக்கா, கதை. ஒருவர் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் நடக்கிற காரியமோ? அம்பிகா இரண்டு கிழமையாக அந்த வாளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தா. உழுந்து வடை போடலாம் என்றேன். உறைப்புத் தாங்கமாட்டார் என்றா. கேசரி என்றேன். மஞ்சளைக் கண்டு பயப்படுவார் என்றா. அந்த நேரம் பார்த்து, ஒன்பது நாளைக்கு முன், வெள்ளிக்கிழமை, மிதுஷா தன் அறுபது சிப்பியையும் வேறு ஊர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகப் பெட்டியில் அடுக்கினாள். புயல் என்று ரயில் ஓடவில்லை. பெட்டி குளிரில் இருக்கட்டும் என்று பல்கனியில் வைத்தாள். அடுத்த நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அம்பிகா மூடியைத் திறந்து பார்த்து, "அந்தாளுக்கு விருப்பமான சாமான் இஞ்சையே கிடக்குது" என்று பன்னிரண்டை எடுத்து வாளிக்குள் போட்டா. அது நோய்ச் சிப்பி என்று அவவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான்தான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹன்சன் மூடியைத் திறந்தார். முகம் வாடிப்போச்சு. ருசிக்கவில்லையா என்று கேட்டார். அவர் தந்ததையே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார், பாவம். எனக்கு அது விளங்கவில்லை. ரொட்டித் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருசம் பழகிய ஜெர்மன் பாசையில் "நல்லது, நல்லது" என்று சிரித்தேன். அவர் வாளியோடு தொட்டி மண்டபத்துக்குள் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மிதுஷா, பன்னிரண்டு குறையுது, பல்கனியில் காத்துக்கு மூடி திறந்து கடற்காகம் தூக்கிப்போட்டுது போல, என்று அழாத குறையாகச் சொன்னாள். அது நோய்ச் சிப்பி என்று அப்போதுதான் தெரிய வந்தது. பண்ணைத் தொட்டிக்குள் போனால் என்ன நடக்கும் என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன். "நல்ல சிப்பிக்கும் தொத்தும் அப்பா. கடல் கொண்டுபோற நோயைவிட மனிசர் வாளியில கொண்டுபோற நோய்தான் கூட" என்றாள். அவள் பொதுவாகச் சொன்னாள். நான் புட்டுத் தட்டைத் தள்ளிவைத்தேன். இரத்தம் குடிக்கிற நுளம்பைத்தான் நோய் பரப்பும் நோய்காவி என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். டிக்கெட் எடுத்து பஸ்ஸில் போன நோய்காவி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புதன்கிழமை ஒரு சாட்டு வைத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். பன்னிரண்டையும் கண்டுபிடித்துப் பொறுக்கிவிடலாம் என்ற எண்ணம். தொட்டிக்குள் நாலாயிரம் கிடந்தன அக்கா. ஏதாவது ஒன்று தெரிந்த முகமாக இருக்குமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் ஒரே முகம். செவ்வாய்க்கிழமை கடலில் விடப்போவதாக வேலையாள் சொன்னான். அதற்குப் பிறகு பிடிக்க ஏலாது. அந்த மனிசனின் பிழைப்பு போகும். காரணம் வெளியில் வந்தால் மிதுஷாவின் பட்டமும் போகும். அம்பிகாவிடம் சொன்னேன். "உயிரோடை இருக்கிற சிப்பி வாயை மூடிக்கொண்டிருக்கும், வாயைத் திறந்தது செத்தது எண்டு பிள்ளையே சொன்னவள். நீங்களும் மூடிக்கொண்டிருங்கோ" என்றா. நானும் மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். நித்திரை இல்லை, இருக்க ஏலவில்லை, நிற்க ஏலவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று செவ்வாய்க்கு முன் எழுதுங்கோ. இந்தக் கடிதம் உங்களுக்குப் புதன்கிழமைதான் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீடு வாழ்க.

உங்கள் தம்பி,
உமாபதி

பி.கு.: இந்தக் கடிதத்துக்கு முத்திரை எடுக்க மிதுஷாவின் அறைக்குப் போன இடத்தில் அவள் தன் பேராசிரியருக்குக் கடற்காகக் கதையை எழுதிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் போச்சு. "பிள்ளை, காகமில்லை, நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே ஹன்சனுக்குப் போன் எடுத்தாள். நான் போனுக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனேன். அந்த மனிசன் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. பண்ணைப் படலையைத் தாண்டி வெளியில் போன சிப்பியை யார் கொண்டுவந்தாலும் அவர் தன் தண்ணீருக்குள் திரும்ப விடமாட்டாராம். மண்டபத்துக்குப் பின்னால்தான் அவர் வீடாம். தந்ததைத் திருப்பிவிட்டார்களே என்ற கவலையில், அன்று மாலையே அவரும் மனைவியும் பன்னிரண்டையும் எலுமிச்சம்புளி விட்டுச் சாப்பிட்டுவிட்டார்களாம். தன்னுடையதைவிடக் கொஞ்சம் உப்புக் கூட, ஆனால் நல்ல ருசி என்றாராம். அந்தப் பூச்சி மனிதரை ஒன்றும் செய்யாது என்று மிதுஷா சொல்கிறாள். பண்ணை தப்பிவிட்டது. பிள்ளை கடற்காகத்தை அழித்துவிட்டு, பன்னிரண்டு சாப்பிடப்பட்டன என்று எழுதினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்கள் சொல்லாட்டி நான் பொய் எழுதினவளாய் இருந்திருப்பன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே, கிழிக்க வேண்டாம் அக்கா, அத்தானுக்கும் வாசித்துக் காட்டுங்கோ. அம்பிகா கடற்கரைப் பக்கம் நடக்கப் போனவ, இன்னும் வரவில்லை. அவவின் சொல்லைக் கேளாமல் நான் வாய் திறந்த விசயம் அவவுக்குத் தெரியாது. என்னிடமிருந்த துணிவு பிள்ளைக்குச் சொன்னதோடு முடிந்துபோச்சு. அவ பயப்படுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். புதன்கிழமை கடிதம் கிடைத்தவுடன் போன் எடுத்து நீங்களே சொல்லிவிடுங்கோ. அதுவரைக்கும் நான் மிதுஷாவின் கையில் காசு கொடுத்து, அவளையும் பேசாமல் வைத்திருக்கிறேன்.