விழ மறுத்த தடோகோரோ

ஷிமோமுரா குறிபார்த்துச் சுட்டார். தடோகோரோ விழவில்லை.

நிஜமாகவே விழ வேண்டும் என்பதில்லை. கையைத் தூக்கி, "பட்டுச்சு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு மைதானத்தை விட்டு வெளியே நடந்தால் போதும். பொம்மைத் துப்பாக்கியோடு ஆடும் இந்த ஆட்டத்தில் அதற்குத்தான் விழுவது என்று பெயர். பிளாஸ்டிக் குண்டு யார்மேல் பட்டது என்று பார்த்துச் சொல்ல நடுவர் கிடையாது. பட்டவனே சொல்ல வேண்டும். பட்டும் சொல்லாமல் திரிகிறவனை ஜோம்பி, அதாவது நடமாடும் பிணம், என்பார்கள். கடன் வாங்கி ஏமாற்றியவனோடு கூட உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஜோம்பியோடு உட்கார மாட்டார்கள்.

குளியல் தொட்டி விற்கும் நிறுவனம் ஒன்றின் சிபா கிளையில் ஷிமோமுரா விற்பனைப் பிரிவுத் தலைவர். மாதம் ஒரு ஞாயிறு தன் பிரிவை மொத்தமாக இந்தக் காட்டு மைதானத்துக்கு அழைத்து வருவார். வருவதும் வராததும் அவரவர் விருப்பம் என்று தெளிவாகவே சொல்லியிருந்தார். ஒருவர்கூட வராமல் இருந்ததில்லை. அவர் சுட்டு ஒருவர்கூட விழாமலும் இருந்ததில்லை. தொப்பை விழுந்துவிட்டது, கண்ணாடி இரண்டு முறை மாறிவிட்டது, குறி மட்டும் வருடத்துக்கு வருடம் கூர்மையாகிக்கொண்டே போனது. அதைப் பற்றி அவர் பெருமையடித்துக்கொள்வதில்லை. அலுவலகக் கூட்டங்களின் தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் சொல்வார்.

தடோகோரோ சமீபத்தில் வேறு கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்தவன். இது அவனுக்கு முதல் ஆட்டம்.

ஷிமோமுரா மறுபடி சுட்டார். துப்பாக்கிக்குள் இருந்த பேட்டரி மோட்டார் தையல் மெஷினைப் போல ரீங்கரித்தது. தடோகோரோ மரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

"என்மேல படல சார். இடது பக்கமாப் போயிருச்சு."

திசை வேறு சொல்கிறான். பக்கத்தில் பதுங்கியிருந்த கான்பே பல்லைக் கடித்தான். கான்பே துணைத் தலைவர் நாற்காலிக்காகக் காத்திருப்பவன். ஷிமோமுராவுக்கு வர வேண்டிய கோபமெல்லாம் அவனுக்கு முன்னதாகவே வந்துவிடும்.

"உங்க குறி தப்பாது சார். இந்தத் துப்பாக்கிதான் சொதப்புது. பேட்டரியில சுட்டா மேல பட்டாலும் உறைக்காது. கேஸ் துப்பாக்கின்னா கதையே வேற. சுடச் சுட உள்ள இருக்கற இரும்பு பின்னால ஓடி வந்து தோள்ல உதைக்கும். அந்தச் சத்தத்துக்கு ஜோம்பியே கையத் தூக்கிருவான்."

துப்பாக்கி சரியில்லை, அல்லது தடோகோரோ சரியில்லை. மூன்றாவதாக இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பது அந்தக் காட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் சொல்லவில்லை.

அந்த வாரமே தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. வக்கனாய் கிளைக்கு ஓர் ஆள் வேண்டும். வக்கனாய் வடக்கே நாடு முடிந்து கடல் தொடங்கும் இடம். பாதி வருடம் பனியை வாரிக்கொண்டிருக்கலாம், மீதி வருடம் அடுத்த பனிக்காகக் காத்திருக்கலாம். தடோகோரோவோ மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு புது வீட்டுக்கு அப்போதுதான் குடிபோயிருந்தான்.

ஷிமோமுரா நியாயஸ்தர். பொய் சொல்கிறவனைத் தன் பிரிவில் வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஜனவரி ஆட்டத்துக்குக் கேஸ் துப்பாக்கியோடு வருவார். தடோகோரோ ஒழுங்காகக் கையைத் தூக்கினால் சிபா, தூக்காவிட்டால் வக்கனாய். இதைக் கான்பேயிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குள் தடோகோரோவுக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த தடங்கல் வீட்டில் இருந்தது. இந்த வீட்டில் ஒரு துப்பாக்கிதான் என்பது ஷிமோமுராவின் மனைவி மிட்சுயோ என்றைக்கோ போட்ட சட்டம்.

"புதுசா வாங்கல. இருக்கறதையே கேஸுக்கு மாத்தப் போறேன்," என்றார்.

"மாத்துங்க. எண்ணிக்கை மாறக் கூடாது," என்றாள் மிட்சுயோ.

அகிஹபரா கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தாராளமாக மாற்றலாம் என்றார். மோட்டாரையும் பல்சக்கரப் பெட்டியையும் மட்டும் எடுத்துவிட வேண்டும். அதை எடுத்தால் புதுசு இந்த உடம்புக்குள் உட்காராது. ஆகவே உடம்பும் வேறு. உடம்பு மாறினால் குழலும் மாறும். மேகசின் எப்படியும் வேறுதான், அதில்தான் குண்டோடு கேஸும் அடைக்க வேண்டும்.

"அப்ப என் துப்பாக்கியில எதுதான் மிஞ்சும்?"

கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "தோள்ல மாட்டற வாரு நல்லாத்தான் இருக்கு சார்."

பார்சல்கள் ஒவ்வொன்றாக வந்தன. மிட்சுயோ ஒவ்வொன்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தாள். கடைசிப் பார்சல் வந்த அன்று அவர் எல்லாவற்றையும் பூட்டி நிமிர்த்தியபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதுல பழசு எதுங்க?"

"வார்."

"ஓ. வாருக்குத் துப்பாக்கி வாங்கியிருக்கீங்க."

கழற்றிய பழைய பாகங்கள் மீன்பிடிக்கும் பெட்டி ஒன்றை நிறைத்தன. அதைச் சேர்த்தால் இன்னொரு முழுத் துப்பாக்கி வருமே என்று அவள் கேட்டதற்கு, இயந்திர நுணுக்கமெல்லாம் உனக்குப் புரியாது என்று ஷிமோமுரா சொல்லிவிட்டார். அவளுக்கு நன்றாகவே புரிந்தது. பெட்டியைத் தூக்கிக் காலணி அலமாரிக்குள் தள்ளினாள்.

கூடத்தில் சுட்டுப் பார்த்தபோது புதுத் துப்பாக்கி உதைத்த உதையில் அவர் பல் அதிர்ந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பால்கனியில் போய்ச் சுட்டபோது அதே துப்பாக்கி சளி பிடித்ததுபோல ஒருமுறை இருமிவிட்டு நின்றது. கேஸுக்குக் குளிர் ஆகாது. ஆட்டமோ ஜனவரியில்.

மேகசினைச் சூடாக வைத்தால் போதும் என்று கான்பே யோசனை சொன்னான். வீட்டிலேயே சூடான இடம் கோதட்சு, அதாவது அடியில் கணப்பு வைத்து மேலே மெத்தை போர்த்திய மேஜை. ஷிமோமுரா மேகசின்களை அதற்குள் அடுக்கினார். அன்று மாலை மிட்சுயோ காலை நீட்டி ஒன்றின் வால்வை மிதிக்க, அது அவள் உள்ளங்காலில் ஐஸ் காற்றைச் சீறியது. அதற்கப்புறம் அவள் கோதட்சுவில் உட்காரவில்லை, அவரிடம் பேசவும் இல்லை.

ஞாயிறு காலை மைதானத்தில் புல்லெல்லாம் உறைபனி. ஷிமோமுரா மேகசின் ஒவ்வொன்றிலும் பனிக்காலத்தில் சட்டைக்குள் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பட்டைகளை இரண்டிரண்டாக ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே போகுமுன் எல்லாத் துப்பாக்கியையும் குண்டின் வேகம் அளந்துதான் விடுவார்கள். மைதானத்துச் சொந்தக்காரரின் மனைவி நோமா அம்மாள்தான் காலையில் வேகம் அளப்பார், மதியம் கறிச்சோறு பரிமாறுவார், சாயங்காலம் மேஜை துடைப்பார்.

அவர் அளந்துவிட்டுத் தலையை ஆட்டினார். சூட்டில் கேஸ் பொங்கி, வேகம் சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டியிருந்தது. இதை உள்ளே விட்டால் என்னைப் போலீஸ் உள்ளே விடும் என்றார். ஷிமோமுரா பட்டைகளைப் பிய்த்து எறிந்து, மேகசின்களை உறைபனிமேல் பரப்பி ஆற வைத்தார். மறுபடி அளந்ததில் தேறியது. துப்பாக்கியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

தேறியது, ஆனால் முதல் ஆட்டத்தில் சுடவில்லை. விசையை அழுத்தினால் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. குண்டு குழல் வாயிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அவர் பூட்ஸ்மேலேயே விழுந்தது. எதிரே பத்தடியில் தடோகோரோ நின்றிருந்தான்.

"சார், நான் ஒளிஞ்சுக்கணுமா, இப்படியே நிக்கணுமா?"

கிண்டல் செய்கிறானா, மரியாதையாகக் கேட்கிறானா என்று ஷிமோமுராவுக்குப் புரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கான்பே ஒரு மேகசினை வாங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டான். அதைப் பார்த்ததும் அணியில் மற்றவர்களும் ஆளுக்கொன்று வாங்கி இடுக்கிக்கொண்டார்கள். எதிரணி ஆட்களும் சண்டையை நிறுத்திவிட்டு வந்து இடுக்கிக்கொண்டார்கள். காலை ஆட்டம் முழுவதும் ஒரு கை தூக்க முடியாத இரண்டு படைகள் காட்டுக்குள் உலவின. இப்போது மேகசின் சூடாகியது, துப்பாக்கி உறைந்துவிட்டது. குழலுக்குள் ஈரம் கோத்து எல்லாம் இறுகிப்போயிற்று.

மதியம் கறிச்சோற்றுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, அவர் சாப்பாட்டு மேஜையிலேயே துப்பாக்கியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் விட்டு, சுற்றி நின்றவர்கள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, மளமளவென்று பூட்டினார். முடித்தபோது மேஜையில் தட்டும் கரண்டியும் தவிர ஒன்றும் யார் கண்ணிலும் படவில்லை. ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்திருக்க வேண்டியவர் என்றான் கான்பே. நோமா அம்மாள் எல்லாவற்றையும் வாரித் தொட்டியில் போட்டுக்கொண்டு போனார்.

மதியத்துக்கு மேல் வெயில் வந்தது. கடைசி ஆட்டத்துக்குச் சங்கு ஊதியது. ஷிமோமுரா விசையை அழுத்தினார்.

காடு அதிர்ந்தது. துப்பாக்கி தோளில் உதைத்த உதையில் தொப்பி கண்ணுக்கு வந்தது. புதருக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. "பட்டுச்சு." வலப்பக்கம் திருப்பினார். "பட்டுச்சு." இடப்பக்கம் இருவர் போட்டி போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார்கள். கான்பே அவருடைய அணிதான். இருந்தும் ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டுத் தானும் தூக்கிவிட்டான். ஓடும்போது துப்பாக்கிக்குள் குண்டுகள் சோழி குலுக்குவதுபோலக் கலகலத்தன. உயர்ந்த ரகமெல்லாம் அப்படித்தான் கலகலக்கும் என்றான் கான்பே. ஷிமோமுராவுக்குக் கண் கலங்கியது. இருபது வயதில்கூட அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கடைசியில் தடோகோரோ மட்டும் மிஞ்சினான். வெட்டவெளியில், ஐந்தடி தூரத்தில், நேருக்கு நேர். ஷிமோமுரா நெஞ்சைக் குறிவைத்துச் சுட்டார். இன்னொன்று சுட்டார். பிறகு மேகசின் தீரும்வரை சுட்டார்.

தடோகோரோ சட்டையைக் குனிந்து பார்த்தான். "படல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவன் யோசித்தான். முகம் வெளுத்திருந்தது. "எனக்கு வக்கனாய் விஷயம் தெரியும் சார். பட்டுச்சுன்னு சொன்னா என் வீட்டுக்காரி சந்தோஷப்படுவா. ஆனா படலயே, நான் என்ன பண்றது?"

ஆட்டம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நின்றார்கள். ஷிமோமுரா துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசினார். இந்த ஆட்டம் வீரத்தில் நடக்கவில்லை, நாணயத்தில் நடக்கிறது என்றார். குண்டு பட்ட கணமே கை தூக்கிய ஒவ்வொருவரையும் நினைத்து நெஞ்சு விம்முகிறது என்றார். ஆனால் நாணயமில்லாத ஒருவர் நம்மிடையே இருக்கிறார், அவர் பெயரை நாளைக் காலை வக்கனாய்க்கு எழுதப்போகிறேன் என்று தழுதழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தடோகோரோ தலைகுனிந்து வணங்கினான்.

அப்போது நோமா அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். கையில் பளபளவென்று ஒரு நீளப் பித்தளைக் குழல் இருந்தது.

"சார், இது உங்க துப்பாக்கியோட உள்குழல்தானே? மதியம் மேஜையில விட்டுட்டீங்க போல, கரண்டியோட கரண்டியா நானும் கழுவிட்டேன்."

ஷிமோமுரா வாங்கிப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைச் சற்றுச் சாய்த்தார். உள்ளே தேங்கியிருந்த குண்டுகள் அடிவயிற்றுப் பக்கமாகச் சிமென்ட் தரையில் கொட்டி, வரிசையாக நின்றவர்களின் காலடிவரை உருண்டு ஓடின. கான்பே குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான்.

நோமா அம்மாள் உருண்ட குண்டுகளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பிறகு கபடமே இல்லாமல் கேட்டார்:

"இது இல்லாம ஒரு குண்டுகூட வெளிய போயிருக்காதே, அத்தனை பேரையும் எப்படி சார் சுட்டீங்க?"