அடுப்படியில் நடவு

"ஆறு மாசம் உள்ளே தள்ளிடுவாங்கடா!" என்றார் பண்ணைக் காரியஸ்தர் ரெத்தினம், சைக்கிளை விட்டு இறங்காமலே.

கூரைமேல் உட்கார்ந்து ஒழுகுகிற இடத்தில் வைக்கோல் வேய்ந்துகொண்டிருந்த வீரையனுக்குக் கை நின்றுவிட்டது.

"எதுக்குங்கய்யா?"

"நஞ்சையில குடியிருக்கறதுக்கு. புதுச் சட்டம். நெல்லு விளையற மண்ணுல மனுஷன் படுக்கக் கூடாதாம். நாளான்னிக்கு அதிகாரி வர்றாரு. குடிசை குடிசையா எழுதப் போறாரு."

பாபநாசத்துக்குத் தெற்கே, பண்ணையாரின் ரெண்டு மா, அதாவது இருநூறு குழி வயலில், ஓர் ஓரத்து மேட்டில் நின்றது அந்தக் குடிசை. வீரையனின் அப்பா போட்டது. அரசாங்கச் சட்டம்தான் புதிது. பண்ணைச் சட்டம் பழையது. மண்சுவர் வைக்கலாம், ஓடு போடக் கூடாது. முருங்கை வைக்கலாம், தென்னை வைக்கக் கூடாது. நாள்பட நிற்கிற எதுவும் கூலிக்காரன் வாசலில் முளைக்கக் கூடாது. வீரையன் ஒன்றையும் மீறியதில்லை. இப்போது பார்த்தால் வீடே குற்றமாம்.

கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அம்சவல்லி வெளியே வந்தாள்.

"அப்ப இத்தன வருஷம் படுத்ததுக்கும் சேத்தா உள்ள போடுவாங்க?"

"வாய் பேசாதே. உங்க நல்லதுக்குத்தான் வேகாத வெயில்ல ஓடியாந்திருக்கேன்."

வீரையன் கூரையிலிருந்து குதித்தான். "மாட்டுக் கொட்டாய்னு சொல்லிட்டா?"

"சொல்லிப் பாரு," என்று பெடலை மிதித்தார் ரெத்தினம்.

சாமான்களை வீரையன் வரப்புக்கு மாற்றிவிட்டு, பண்ணைக் கிடேரி ஒன்றை ஓட்டிவந்து உள்ளே கட்டினான். அது முதலில் தாழ்வாரத்து வைக்கோலைத் தின்றது. பிறகு தூளிச் சேலையில் பாதியை மென்றது. மிச்சக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ரெத்தினம் திரும்பி வந்தார்.

"கொட்டாயும் ஆகாதாம்டா. கேட்டுட்டேன். சுவர்னு ஒண்ணு இருந்தாலே வீடுதானாம்."

அன்று சாயங்காலம் கூரை இறங்கியது. மறுநாள் விடியலில் சுவர் விழுந்தது. அப்பா மிதித்துக் குழைத்த மண். நாலு குடம் தண்ணீரில் பேச்சுமூச்சில்லாமல் கரைந்தது. வாசல் இருந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் வீரையன் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

"நிமுந்து நடய்யா. இனிமே இடிக்க என்ன இருக்கு?" என்றாள் அம்சவல்லி.

சுவர் போனதும் தரை காட்டிக்கொடுத்தது. சாணம் மெழுகி மெழுகி வழுவழுப்பாக, வயலோரத்தில் மொட்டைத்தலைபோல மின்னியது. மேட்டை வெட்டிச் சமன் செய்து, வாய்க்காலைத் திறந்துவிட்டு, சேறாக்கி நட்டுவிட்டால் தெரியாது என்றார் ரெத்தினம். அம்சவல்லி குழந்தையை வரப்பில் படுக்கவைத்துவிட்டு, அடுப்பு இருந்த இடத்தில் நாலு முடி நாற்றைப் பிரித்து நட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நட்டாள்.

ரெத்தினம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டு மாவும் தரிசாக் கெடக்கு. மூணு குழி மட்டும் பச்சையா இருந்தா, கிழிஞ்ச வேட்டியில ஒட்டுப் போட்டாப்புல, 'இங்கதான் வீடு இருந்துச்சு'ன்னு அதுவே சொல்லாதா? முழுக்க உழுது நடு!"

"நாத்துக்கு எங்கங்கய்யா போவேன்?"

"பண்ணை நாத்தங்கால்ல பறிச்சுக்க. ஏரு மாட்டையும் ஓட்டிக்க."

அம்சவல்லி புருஷன் காதோரம் முணுமுணுத்தாள். "கூலி அரைப்படி ஏத்திக் கேட்டோம்னு வயலயே தரிசாப் போட்டவங்க, இன்னிக்கு நாத்தச் சும்மா குடுக்குறாங்களா?"

"நம்மமேல எரக்கம்டி."

"எரக்கமா? அவருக்கா?"

கூலிக்காரத் தெருவே உதவிக்குத் திரண்டு வந்தது. பொழுது சாய்வதற்குள் ரெண்டு மாவும் பச்சையாகிவிட்டது. போகும்போது ரெத்தினம் விரலை ஆட்டிச் சொன்னார்: "நீ எதுக்கு இங்க நிக்கிறேன்னு கேப்பாங்க. 'நான்தான் இந்த வயல்ல பயிர் பண்றேன்'னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறந்தே, ஆறு மாசம்!"

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. கண்ணாடி போட்ட அதிகாரி இறங்கினார். பின்னாலேயே கட்டுக் காகிதங்களோடு தலையாரி கண்ணுசாமி.

அதிகாரி வயலைப் பார்த்தார். வரப்பைப் பார்த்தார்.

"இதென்ன சட்டி பானை?"

"நடவு ஆளுங்களுக்குக் கஞ்சி கொண்டாந்ததுங்க."

"உரல்?"

அம்சவல்லி முந்திக்கொண்டாள். "கஞ்சிக்குத் தொவையலுங்க."

"தொவையலுக்கு உரலையே தூக்கிட்டு வந்தியா?"

"அம்மியக் காட்டியும் ஆட்டுக்கல்லக் காட்டியும் இது லேசுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இங்க ஒரு குடிசை இருக்கறதாச் சொன்னாங்களே?"

"எங்கேயுமே இல்லீங்க. நல்லாப் பாருங்க," என்று ரெத்தினம் கையை அகல விரித்தார்.

"அப்ப நீ எதுக்குப்பா இங்க நிக்கிறே?"

வீரையன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "நான்தான் இந்த வயல்ல பயிர் பண்றேங்க."

அதிகாரி ரெத்தினத்தின் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

"அவனேதாங்க! உழுததும் அவன், நட்டதும் அவன்!"

"பண்ணைக்கு ஆட்சேபம் இல்லையே?"

"எங்களுக்கு என்னங்க ஆட்சேபம்?"

அதிகாரி நின்றவாக்கிலேயே எழுதி நீட்டினார். 'குடியிருப்பு: இல்லை' என்ற வரியை மட்டும் ரெத்தினம் விரல் வைத்துப் படித்தார். முகம் மலர, பண்ணையின் பேரால் கையெழுத்துப் போட்டார். ஜீப் புறப்பட்டதும் சைக்கிளைத் திருப்பினார்.

"தப்பிச்சே போ. இனிமே வேற எங்கயாச்சும் எடம் பாத்துக்க. பண்ணை நெலத்துல திரும்பக் குச்சு ஊனினே, நானே பிராது குடுப்பேன்!"

அம்சவல்லி உரலின்மேல் உட்கார்ந்து அழுதாள். வீரையன் அவள் பக்கத்தில் சேற்றுக் காலோடு குந்தினான்.

காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பானையிலிருந்து ஒரு சொம்பு கஞ்சித் தண்ணீரை மொண்டு குடித்தார், ஜீப்பில் ஏறாமல் நின்றுவிட்ட தலையாரி கண்ணுசாமி. மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அட கிறுக்குப் பயலே, குடிசை நின்னிருந்தா அது நின்ன மூணு குழியத்தான் புதுச் சட்டப்படி உனக்கு எழுதிக் குடுக்க வந்தோம், இப்ப ரெண்டு மாவுக்கும் நீதான் சாகுபடிக்காரன், உன்னக் கிளப்பக் கூடாதுன்னுல்ல காரியஸ்தரே கையெழுத்துப் போட்டுட்டுப் போறாரு!"