பாகூர் வெயில் பழகிய கதை

பிரெஞ்சுக்காரன் ஆண்ட நாளில், அரசாங்கத்தின் கவனத்துக்கு வராமலே பாகூரில் வெகுகாலம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சீமையிலிருந்து வந்த எஞ்சினீயர் ஒருவர் ஏரிக்கரையில் மயங்கி விழுந்த பிறகுதான் அது அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது. உடனே உத்தரவு பிறந்தது: 'அக்ளிமாத்தே' ஆகாத எவரும் உச்சிவேளையில் வயலில் இறங்கக் கூடாது.

உத்தரவை அமல்படுத்த, துரைமார் போடுகிற நெட்டித் தொப்பியோடு வந்து சேர்ந்தார் அதிகாரி மரியதாஸ்; பிரெஞ்சு மரியாதைப்படி ஊருக்கு அவர் 'மரியதாஸ் முசே'. குடியானவன் செல்லப்பன் அவரிடம் ஓடினான். வெள்ளிக்கிழமை உச்சிவேளையில்தான் அவனுக்கு முறைத்தண்ணீர். மடை திறக்காவிட்டால் நட்ட பயிர் கருகிவிடும்.

"அக்ளிமாத்தேன்னா இன்னா முசே?"

"குளிர் தேசத்தான் உஷ்ண தேசத்துக்குப் பழகிப்போவது. மூலம் கிரேக்கம். அங்கே அதற்குச் சரிவு என்று பொருள். பூமி சரிந்திருக்கிற அளவுக்குத்தான் வெயில்."

"எங்க நெலம் சமமாத்தான் கெடக்குது. நானும் இங்கியே பொறந்தவன். எறங்கட்டா?"

"அதுதானப்பா உன் கோளாறு. எங்கிருந்தும் வராதவன் எப்படிப் பழகியிருப்பான்?"

"எங்கம்மா வயித்துலேருந்து வந்தேனே!"

மரியதாஸ் முசே ஆழ்ந்து யோசித்தார். "அங்கே சீதோஷ்ணம் எப்படி?"

"சூடாத்தான் இருந்திருக்கும்."

"சூட்டிலிருந்து சூட்டுக்கு வந்ததைச் சட்டம் ஏற்காது."

செல்லப்பன் பெண்சாதி பவுனம்மாள் குறுக்கே வந்தாள். "யோவ், நம்ம வரப்புக்கு அந்தாண்ட இங்கிலீஷ்காரன் எல்லைதானே? தாண்டிட்டு வாய்யா. வெளிதேசத்தான் ஆயிடுவ."

தாண்டினான். அங்கே வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டுத் திரும்பினான். "பிரயாணம் சௌகரியமா?" என்று மரியதாஸ் முசே கைகுலுக்கினார். ஆனால் புதிதாக வந்தவன் முதலில் அவதிப்பட வேண்டும். பட்டால்தானே பழக முடியும்? ஆகவே செல்லப்பனை வேப்பமர நிழலில் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்தும் கொடுத்து, "உஸ்... இன்னா வெயிலு!" என்று முனகப் பழக்கினார்.

அந்த முனகலில் ஒரு கௌரவம் இருந்தது பாருங்கள், ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. ஆம்பிளைகள் அத்தனை பேரும் வரப்பு தாண்டினார்கள். திரும்பி வந்தவர்கள் அதே வேப்பமரத்தடியில் வரிசையாகப் படுத்து முனகினார்கள், சுடுசோற்றைக் கண்டு முகம் சுளித்தார்கள். முசேயைப் போலத் தொப்பி போட ஆசைப்பட்டு, அது கிடைக்காத உலகநாதன் சோறு வடிக்கிற கூடையைக் கவிழ்த்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். சாமி சத்தியமாக நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தமுக்கடித்து, செல்லப்பன் அக்ளிமாத்தே ஆகிவிட்டதாக அறிவித்தார்கள். உச்சிவேளையில் தண்ணீர் வந்தது.

"தண்ணி வந்துட்டுது, போய் மடையத் தொறய்யா!"

செல்லப்பன் நிழலுக்கு வெளியே ஒரு காலை வைத்தான். வெடுக்கென்று எடுத்தான். "அடியே, கொதிக்குதுடி! இத்தினி வருசமா எவனாச்சும் சொன்னானா?"

பவுனம்மாள் பக்கத்தில் கிடந்த உலகநாதனைப் பார்த்தாள். "நீயாச்சும் போயேண்ணா."

"எனக்கு மண்டை இடிக்குதும்மா" என்று கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவளே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். மடையைத் திறந்தாள். பயிர் நனைகிறவரை வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டு, சேற்றுக்காலோடு திரும்பினாள்.

செல்லப்பன் ஈரத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தான். "ஏண்டி, அக்ளிமாத்தே ஆகாம உச்சிவேளையில வயல்ல எறங்கினியே, எவன் உத்தரவு குடுத்தான்?"

"அதானே!" என்றது வேப்பமரத்தடி முழுக்க.

மரியதாஸ் முசே அன்று சாயங்காலமே அடுத்து வில்லியனூருக்கு வண்டி கட்டினார். பாகூரில் இனி அவருக்கு வேலை இல்லை.