பச்சை ஸ்டிக்கர் கேட்கும் எஞ்சின்

ஸ்கால்விக்கன்,
ஆகஸ்ட் 27

என் அருமை மகள் அன்னேலிக்கு,

அப்பா ஸ்டூரே எழுதுவது. இங்கே நானும் வீடும் கூரையும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை தொர்கெலும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நான் மூன்று சொல் சொல்வதற்குள் நீ முப்பது சொல்லி முடித்துவிடுகிறாய், அதனால்தான். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு வந்தபோது இரண்டு சுருள் ஸ்டிக்கர் கொண்டுவந்தாய். பச்சை ஒட்டினால் வீட்டில் இருக்கலாம், சிவப்பு ஒட்டினால் குப்பைக் கிடங்கு. சாவதற்கு முன்னால் வீட்டை ஒழித்து வைப்பது நம் ஜனங்கள் எல்லாரும் செய்வதுதான், என் அம்மாவும் செய்தாள், நான் ஏதாவது சொன்னேனா? எல்க் மான் தலைக்குச் சிவப்பு ஒட்டினாய், சரி என்றேன். நான்கு ஜோடி பனிச்சறுக்குக் கட்டைக்கு ஒட்டினாய், சரி என்றேன். இருபது பாகம் கலைக்களஞ்சியத்துக்கு ஒட்டினாய், 'ம' வரைக்கும்தானே படித்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை முனகினேன், அவ்வளவுதான். கடைசியில் மேசை இழுப்பறையைத் திறந்து, கைக்குள் அடங்குகிற அந்தச் சின்ன எஞ்சினை எடுத்து, செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலில் தூக்கிப் பிடித்தாய்.

"அப்பா, என்ன இது?"

"விமான எஞ்சின். மாடல் விமானம். ரெண்டரை சிசி டீசல்."

"விமானம் எங்க?"

"அறுபத்தொண்ணுல கடல்ல விழுந்துடுச்சு."

"எவ்வளவு நேரம் பறந்துச்சு?"

"பதினோரு செகண்ட்."

"அப்ப இதுக்கு இப்ப என்ன வேலை?"

நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கொதிகலன், குழாய், கதவு, கூரை எல்லாம் பார்த்துக்கொண்டவன் நான். எந்தச் சாமானைக் காட்டினாலும் அதன் வேலை என்ன என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். அன்றைக்கு மட்டும் எஞ்சினை உன் கையிலிருந்து வாங்கிச் சட்டையில் துடைக்கத்தான் தெரிந்தது. "ஒரு வருஷமா ஒரு வேலையும் செய்யாத எதுவும் வீட்டுல இருக்கக்கூடாதுப்பா. ஆகஸ்ட் முடியறவரைக்கும் டைம் தர்றேன், அதுக்குள்ள ஒரு வேலை கண்டுபிடிங்க" என்றாய். அதோடு விட்டாயா? சாயங்காலம் காப்பி குடிக்கும்போது கைப்பையிலிருந்து வழவழவென்று ஒரு காகிதம் எடுத்தாய். கோதன்பர்கில் உன் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி வயதானவர்களுக்கான குடியிருப்பு. "சமையல் அவங்களே பண்ணிடுவாங்க, பனியை அவங்களே தள்ளிடுவாங்க. நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்ப்பா" என்று ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி சிரித்தாய்.

அம்மாடி, நீயே கூட்டிப் பார். வேலை இல்லாததெல்லாம் கிடங்குக்குப் போகணும் என்று காலையில் சொன்னாய். அப்பாவுக்கு ஒரு வேலையும் இல்லாத இடமாகப் பார்த்திருக்கிறேன் என்று சாயங்காலம் சொன்னாய். அடுத்த சிவப்பு ஸ்டிக்கர் யார் முதுகில் என்று எழுபத்தாறு வயசுக்காரனுக்குத் தெரியாதா? பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த எஞ்சினுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் எனக்கும் இருக்கிறது. வீட்டை விற்கிற பேச்சும் அதோடு நிற்கும். ஆகவே இந்தக் கோடையில் எஞ்சின் ஆற்றிய சேவைகளைக் கீழே தருகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் அதற்குத் தீனி. மண்ணெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய் மூன்றும் சரிபாதியாக—மூன்றில் எப்படிப் பாதி என்று கேட்காதே, உனக்குப் புரியும்—கலக்க வேண்டும். விளக்கெண்ணெய்க்கு மருந்துக்கடைக்குப் போனேன். ஒரு லிட்டர் என்றேன். அந்தப் பெண் என்னை இரக்கத்தோடு பார்த்து, குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளா இப்படி?" என்றாள். "அறுபத்தொண்ணுலேர்ந்து" என்றேன், எஞ்சினைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் சைக்கிளில் வீடு சேர்வதற்குள் பக்கத்து வீட்டு குன்வோர் வயிற்றை இளக்குகிற உலர்ந்த பிளம் பழக்கூழ் ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டாள். மூன்று வாரம் தெருவில் யாரைப் பார்த்தாலும் "இப்ப பரவாயில்லையா ஸ்டூரே?" என்கிறார்கள். நான் பரவாயில்லை என்றால் சந்தோஷப்படுகிறார்கள், நான் என்ன செய்ய?

ஜூனில் நடுக்கோடைத் திருநாள். ஊர்ப் பந்தலுக்கு ஸ்ட்ராபெர்ரி கேக் என் முறை. க்ரீம் அடிக்கிற துடுப்பை எஞ்சின் தண்டில் மாட்டி, சமையலறை மேசையில் இறுக்கி, சுண்டினேன். இந்த எஞ்சினை விரலால் சுண்டித்தான் கிளப்ப வேண்டும், அது கிளம்பும்போது திருப்பி நம் விரலைச் சுண்டும். ஏழாவது சுண்டலில் விரல் வீங்கியது, எட்டாவதில் எஞ்சின் கிளம்பியது. நான்கு விநாடியில் ஒரு லிட்டர் க்ரீமில் பாதி வெண்ணெயாகிவிட்டது, மீதி உத்தரத்தில் இருந்தது. பூனை இரண்டு நாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது. வேறு க்ரீம் வாங்கிவந்து கையால் அடித்துக் கேக்கை முடித்தேன், எல்லாரும் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஸ்ட்ராபெர்ரி மேல் தெறித்த எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தேன். மறுநாள் தேவாலயப் பாட்டு ஒத்திகைக்கு ஒருவர்கூட வரவில்லையாம். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஜூலையில் படகு. விமான விசிறியை மாட்டி எஞ்சினைப் படகின் பின்பக்கம் ஒரு பலகையில் திருகிக் கடலில் இறங்கினேன். வலை எடுக்கத் தீவுவரை போவதாகத் திட்டம். சத்தமோ நம் விரிகுடா முழுக்கக் கேட்டது, வேகமோ பிள்ளைத்தாய்ச்சி நடை. இரண்டு வாத்துகள் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தன. நான்கு நிமிஷத்தில் எண்ணெய் தீர்ந்தது. அப்போது பார்த்துக் கரைக்காற்று கிளம்பி என்னைக் கடலுக்குள் தள்ள ஆரம்பித்தது. துடுப்பை எடுத்து இரண்டு மணி நேரம் எதிர்க்காற்றில் வலித்து வந்து சேர்ந்தேன். ஆனால் ஒன்று, மார்ச்சிலிருந்து இருந்த முதுகுப் பிடிப்பு அன்றோடு விட்டுப் போயிற்று. வைத்தியர் செய்யாததை எஞ்சின் செய்தது என்று நீ குறித்துக்கொள்ளலாம்.

இனிமேல் முக்கியமானது. போன வாரம் இந்த வருஷத்துப் புளித்த மீன் டப்பா வந்தது. குன்வோரும் அவள் புருஷன் ஹில்டிங்கும் என் தோட்டத்துக்குச் சாப்பிட வந்தார்கள். மெல்லிய ரொட்டி, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் தயார். டப்பா இரண்டு பக்கமும் உப்பி, மூச்சுப் பிடித்த குழந்தை மாதிரி இருந்தது. அதைத் திறந்தால் நாற்றம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அதற்குப் பயந்துதானே நீ கோதன்பர்குக்கே போனாய். என் யோசனை இதுதான்: மேசையின் இந்தக் கோடியில் எஞ்சின், அந்தக் கோடியில் டப்பா, விசிறிக் காற்று எங்களைத் தாண்டி டப்பாவின் மேலாக வீசி நாற்றத்தைக் கடலுக்கு ஓட்டிவிடும். நாங்கள் ராஜா மாதிரி சாப்பிடலாம். இந்த முறை எண்ணெய் நடுவில் தீரக்கூடாது என்று ஒரு ஜாம் பாட்டில் நிறைய ஊற்றி வைத்தேன். பாட்டிலைப் பிடித்துக்கொள்ள ஹில்டிங்.

ஹில்டிங்கைத்தான் உனக்குத் தெரியுமே. முப்பது வருஷம் பக்கத்து வீடு, முப்பது வாக்கியம் பேசியிருப்பானா என்பது சந்தேகம். எது கேட்டாலும் இந்தப் பக்கத்து வழக்கப்படி 'ஆமா' என்பதைக்கூட வாயால் சொல்லாமல் மூச்சை 'ஷ்ஷுப்' என்று உள்ளே இழுத்துச் சொல்கிறவன். அவன் மூக்குக்கு நேர் கீழே திறந்த பாட்டில், அதில் மூன்றில் ஒரு பங்கு ஈதர், முகர்ந்தால் போதை ஏறுகிற சரக்கு. நான் யோசிக்கவில்லை, தப்புதான்.

"பாட்டில் ஆடாம பிடிச்சிருக்கியா ஹில்டிங்?" ஷ்ஷுப் என்றான்.

"காத்து கடல் பக்கம்தானே அடிக்குது?" ஷ்ஷுப்.

"குன்வோர் டப்பாவைத் திறக்கலாம்ல?" ஷ்ஷுப். இது கொஞ்சம் நீளமாக வந்தது.

நான் சுண்டினேன். இந்த ஜாதி எஞ்சினுக்கு ஒரு கெட்ட குணம், சில சமயம் தலைகீழாகச் சுற்றக் கிளம்பிவிடும். அன்றைக்குக் கிளம்பியது. குன்வோர் டப்பாவைக் குத்துவதும் விசிறி எதிர்ப்பக்கம் இழுப்பதும் ஒரே நேரம். டப்பாவிலிருந்து பீறிய தண்ணீர், நாற்றம் எல்லாம் மேசை நீளத்துக்கும் பறந்து வந்து எங்கள் மூஞ்சியில் அறைந்தது. ரொட்டி அடுக்கு கொடிமரம்வரை போயிற்று. நிறுத்தலாம் என்றால் பாட்டில் நிறைய எண்ணெய் இருக்கிறது, எனக்குக் கண் தெரியவில்லை. கடைசியில் குன்வோர்தான் தன் ஏப்ரனைக் கழற்றி விசிறிமேல் வீசி அடக்கினாள். "இந்தாப்பா ஸ்டூரே, மீன் நாத்தமே தேவலாம்ப்பா, உன் எஞ்சின் நாத்தத்துக்கு" என்றாள். சத்தம் ஓய்ந்த பிறகுதான் கவனித்தோம், இன்னொரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஹில்டிங் பேசிக்கொண்டிருந்தான்.

முகமெல்லாம் சிவந்து, ஆட்டுக்குட்டி மாதிரி சிரித்துக்கொண்டு பேசினான். எழுபத்திரண்டில் விற்ற டிராக்டரைப் பற்றிப் பேசினான், குன்வோரின் கூந்தலைப் பற்றிப் பேசினான், அவள் வெட்கத்தில் உருளைக்கிழங்கை எண்ண ஆரம்பித்தாள். பிறகு என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான்:

"உன் பொண்ணு நல்ல பொண்ணுடா ஸ்டூரே. ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்றா."

"எனக்கு எங்கடா ஞாயித்துக்கிழமை பண்றா? மாசத்துக்கு ரெண்டு தடவை, அதுவும் புதன்கிழமை."

"உனக்கில்ல, எனக்கு. நாலு வருஷமா. உன் சம்சாரம் போனதுலேர்ந்து. 'அப்பா வீட்டுப் புகைபோக்கியில புகை வருதா'ன்னு கேப்பா. நான் எட்டிப் பாத்துட்டு ஆமாம்பேன். வச்சுடுவா."

"ஹில்டிங், வாயை மூடு" என்றாள் குன்வோர். அவன் மூடவில்லை, அதற்குள் தூங்கிவிட்டான்.

அன்னேலி, இதை என்னவென்று சொல்வது? சொந்த அப்பனை வேவு பார்க்கிறாயா? என் வீட்டுப் புகையைப் பற்றி என்னைக் கேட்காமல் ஊரான் வாயால் தெரிந்துகொள்கிறாய். வாயால்கூட இல்லை, மூச்சால். இது நியாயமில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நிற்க. மேற்படி மூன்று சேவைகளால் எஞ்சின் இந்த வீட்டுக்கு இன்றியமையாதது என்று ருசுவாகிவிட்டபடியால், அதற்கு ஒரு பச்சை ஸ்டிக்கர், வீட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஆக மூன்று உடனே அனுப்பிவைக்கவும். அந்த வழவழப்பான காகிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், தேவைப்படுகிற கிழவர் யாருக்காவது கொடு.

உன் வீட்டில் விறகும் வெளிச்சமும் குறையாமல் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். கையுறை போட்டுக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரியாத
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லி குன்வோரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். "இந்தாப்பா, க்ரீமை யாரு அடிச்சது?" என்றாள். நான்தான் என்றேன். "படகை யாரு வலிச்சது?" நான்தான். "விசிறியை நிறுத்தினது நானு. அப்ப இந்தக் கடிதாசியில எஞ்சின் செஞ்ச வேலை எதுப்பா?" என்றாள். அரை மணி நேரம் வாதாடிப் பார்த்தேன். அவள் சொல்வதுதான் சரி.

வாக்குச் சுத்தம் வேண்டும் என்று இன்று காலை எஞ்சினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிடங்குக்குப் போனேன். இரும்புத் தொட்டி எது என்று அங்கே இருந்தவன் கையைக் காட்டினான். போய் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன் போலிருக்கிறது, அவன் காப்பி குடித்துவிட்டு வந்து, "என்ன பெரியவரே, போடறீங்களா இல்லியா?" என்றான். போடவில்லை. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இனிமேலும் இருக்காது, எனக்கே நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் கை விடமாட்டேன் என்கிறது.

வீடு திரும்புகிற பாதி வழியில் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். நாலு வருஷமாகப் புகை வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, நான் எதற்கெல்லாம் உபயோகப்படுவேன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன் பார், அடிமுட்டாள். அங்கேயே ரோட்டோரம் நின்று கொஞ்சம் அழுதேன், வயசாகிவிட்டால் இப்படித்தான்.

அந்தக் காகிதத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், அக்டோபரில் வந்து இடத்தைப் பார்க்கிறேன். பார்க்கத்தான், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹில்டிங்கைத் தொந்தரவு செய்யாமல் எனக்கே போன் பண்ணு.